பெர்பெத்துவா வீட்டு விருந்து

செருப்பைக் கழட்ட வேணாம் தம்பி, அப்படியே ஏறி வா. அந்த மூணாவது படி மட்டும் ஆடும், அதைத் தாண்டிக் கால் வை. ஆங், அப்படித்தான். மணிலாக்காரனுக்கு மூங்கில் ஏணி ஏறத் தெரியுதே, பரவாயில்ல. இந்தப் பக்கமா உக்காரு. இங்கேருந்து பாத்தா தெருவுல ஊர்வலமும் தெரியும், பின்னாடி ஆறும் தெரியும்.

படகுதானே? இருக்குப்பா, எங்க ஓடிப் போகுது. பின்பக்கம் சேத்துல உக்காந்திருக்கு. கடல் தண்ணி உள்ள ஏறி வரணும். இன்னும் ஒரு முழம் ஏறிச்சுன்னா தானா மிதந்துடும். அலையாத்திக் காட்டுக்குள்ள பூந்து அக்கரைத் தீவு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வரும்போது பொழுது சாஞ்சிடும், மரம் மரமா மின்மினி மொய்க்கும், நீ ஆசை தீரப் படம் எடுத்துக்க. இன்னைக்குக் குழந்தை ஏசு திருநாள், ஊர்ல வேற எவனும் துடுப்பைத் தொட மாட்டான். நீயும் கேட்டுப் பாத்திருப்பியே. எனக்குக் காசெல்லாம் வேணாம். ஆனா தண்ணி ஏறுற வரைக்கும் என் வீட்ல சாப்பிடணும். அதுதான் கூலி.

எதுக்கு இத்தனை தட்டுன்னு பாக்கறியா? அவ அப்படித்தான் வைப்பா, வருஷா வருஷம். என் பொண்டாட்டி, பெர்பெத்துவா. உள்ளதான் இருக்கா, திரைக்குப் பின்னாடி. படுத்திருக்கா, எழுப்ப வேணாம். நேத்துப் பூரா அடுப்படியில நின்னவ. நீ நண்டை எடு முதல்ல. தேங்காப்பாலை நல்லா விட்டுக்க, கஞ்சத்தனம் பண்ணாத.

பெரிய நண்டா இது? இது குட்டி. எங்க காலத்து நண்டு நங்கூரத்தைக் கவ்விக்கிட்டுப் படகையே இழுத்துட்டுப் போகும். என்னை ஒருதடவை அப்படி இழுத்துட்டுப் போய் அக்கரைத் தீவுல விட்டுடுச்சு. கரையில ஒரு பொண்ணு நின்னு மீனுக்குப் புகை போட்டுக்கிட்டிருந்தா. எப்படி வந்தேன்னு கேட்டா. நண்டு கொண்டாந்து விட்டுச்சுன்னேன். அவ சிரிக்கல. அப்ப அந்த நண்டு சாப்பிட்டுச்சான்னு கேட்டா. சரி, கட்டினா இவளைத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சிரிக்காத, பொய்யில பாதி நிஜம்.

கொட்டுச் சத்தம் கேக்குதா? வர்றாங்க. மூஞ்சி பூரா கரி, தலையில சேவல் இறகு, எவன் எவன்னே தெரியாது. படம் எடு, எடு. ஆனா கொஞ்சம் அவங்க காலைக் கவனி. நம்ம வாசலுக்கு நேரா வந்ததும் என்ன ஆகுதுன்னு பாரு. பாத்தியா? ஆடறவன் ஆட்டத்தை விடல, அடிக்கறவன் அடிக்கறதை விடல. கால் மட்டும் தன்னால அந்தப் பக்க ஓரத்துக்குப் போயிடுச்சு. ஏன் ஒதுங்கறோம்னு சின்னப் புள்ளைங்களுக்குத் தெரியக் கூடத் தெரியாது. பழக்கம்.

எதுத்த வீட்டுக்காரி, அந்தப் பச்சைப் பாவாடை, அவ பேரு ஒதீலியா. நீ ஏணியில கால் வச்சப்ப உன்னைப் பாத்துக் கையை ஆட்டினா இல்ல? நீயும் சந்தோஷமா பதிலுக்கு ஆட்டின. அது வரவேற்பு இல்ல தம்பி. உள்ள போகாதேன்னு சொன்னா. நல்ல வேளை, உனக்குப் புரியல.

ஏன்னா கேக்கற? சாப்பிட்டுக்கிட்டே கேளு, கையை நிறுத்தாத. உங்க ஆத்தா சின்ன வயசுல சொல்லிப் பயமுறுத்தியிருப்பாளே, அஸ்வாங். ராத்திரியானா இடுப்போட பிச்சுக்கிட்டு மேல் பாதி மட்டும் பறக்கும், கர்ப்பிணி இருக்கிற வீட்டுக் கூரையில உக்காந்து நாக்கை நூல் மாதிரி உள்ள இறக்கும், வயித்துப் புள்ளையை உறிஞ்சும். அதேதான். இந்த ஊர்ல அது என் பொண்டாட்டி. அஸ்வாங் கையால சாப்பிட்டா சாப்பிட்டவனும் அஸ்வாங். அதனால திருநாள் அன்னைக்கு எல்லா வீட்லயும் உக்கார இடமிருக்காது, இங்க மட்டும் ஈ கூட யோசிச்சுத்தான் வரும்.

பயந்துட்டியா என்ன? நண்டு பாதியில நிக்குதே. ஆங், அப்படிச் சிரி. படிச்ச புள்ள.

கண்ணு செவந்திருக்குமாம். காலையிலேருந்து மீன் புகையில நிக்கிறவளுக்குக் கண்ணு வெள்ளையாவா இருக்கும்? ஆனா அதுக்காகவும் இல்ல. ஒதீலியா மருமக மாசமா இருந்தா. அப்பல்லாம் இவளும் ஒதீலியாவும் ஒரே பாயில உக்காந்து தேங்கா துருவுவாங்க. இவ ஒருநாள் புகைபோட்ட மீன் கொண்டு போனா. அந்தப் பொண்ணு வயித்தைத் தொட்டு, ஆம்பளப் புள்ளைடி, அழகா இருக்கும்னு சொன்னா. வாயாரச் சொன்னவ, கண்ணு படாம இருக்க வயித்துல ஒரு துளி எச்சில் தொட்டு வைக்கணும் இல்ல? அதைச் செய்யாம வந்துட்டா. மறந்து இல்ல தம்பி. அன்னைக்கு இவளுக்குச் சளி. எச்சில்ல சளி இருக்கு, மாசமா இருக்கற பொண்ணுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு பாத்திருக்கா. புள்ள செத்துப் பொறந்துச்சு. அவ்வளவுதான். மறுநாள் எதுத்த வீட்டு ஜன்னல்ல அஸ்வாங் அண்டாம இருக்கத் திருக்கைவால் தொங்குச்சு, பூண்டு தொங்குச்சு. இன்னும் தொங்குது, இங்கேருந்தே தெரியும் பாரு.

நான் போய்ச் சொல்லாமலா இருப்பேன்? வீடு வீடா ஏறிச் சொன்னேன். என் கதை உனக்குத்தான் தெரியுமே. புயல் என் வீட்டை இப்படியே தூக்கிக் கோயில் முற்றத்துல வச்சுது, பூசை முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்து வச்சுதுன்னு சொன்னப்ப நம்பின ஊரு. முதலை முதுகுல சந்தைக்குப் போனேன்னு சொன்னப்ப, அரிசி நனையலையான்னு கேட்ட ஊரு. என் பொண்டாட்டி பொம்பளைதான்யா, வேற ஒண்ணுமில்லன்னு சொன்னப்ப, இந்தச் சிம்ப்லிசியோ வாயில நிஜம் வருமான்னுட்டாங்க.

கோழியை விட்டுட்டியே. எலுமிச்சம்புல் போட்டுச் சுட்டது, கையால பிய்ச்சுத் தின்னு. கள்ளு ஊத்தட்டா? கொஞ்சமாக் குடி, படகுல ஏறணும். நூடுல்ஸை உடைக்காம அள்ளு, நீளமா இருந்தாத்தான் ஆயுசு நீளம். அது ரத்தக் குழம்பு. பன்னி ரத்தம் தம்பி, மூஞ்சியைச் சுளிக்காத. நான் வேணாம்னுதான் சொன்னேன். ஏற்கெனவே உன்னை ரத்தம் குடிக்கறவங்கறாங்க, நீ வேற சட்டி நிறைய ரத்தம் காய்ச்சி நடுவுல வைக்கறியேடின்னேன். திருநாளுக்கு எல்லா வீட்லயும் வைக்கறாங்க, நான் மட்டும் வைக்கலேன்னா அவங்க சொன்னதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னா. அவ பிடிவாதத்துக்கு முன்னாடி அந்த நண்டெல்லாம் தூசு.

அவளுக்கு வேற ஆசையே கிடையாது. மணிலா பாக்கணும், தங்கம் போடணும், எதுவும் இல்ல. வெளியாள் ஒருத்தர் உள்ள வரணும், இந்த மேசையில உக்காந்து வயிறாரச் சாப்பிடணும், ஏப்பம் விடணும். நான் ஒரு வருஷம் ஏமாத்திப் பாத்தேன். அவ கோயிலுக்குப் போயிருந்தா, கடைசி வரிசைக்கு. நான் தட்டு தட்டா உக்காந்து தின்னு, எலும்பை அங்கங்க போட்டு, தம்ளரையெல்லாம் கவுத்து வச்சேன். வந்தாங்கடி, இப்பத்தான் எந்திரிச்சுப் போனாங்க, உன்னைக் கேட்டாங்கன்னேன். ஒரு எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. இது கீழ ரெண்டு பல்லு இல்லாதவன் கடிச்ச எலும்புன்னா. தட்டையெல்லாம் அடுக்கி எடுத்துக்கிட்டு பாத்திரம் கழுவப் போயிட்டா. இத்தனை வருஷத்துல நான் சொன்னதுலயே அந்த ஒரு பொய்தான் தம்பி விக்கல.

இன்னொரு கரண்டி போடட்டா? போதும்னு சொல்லாத, வாலிபப் புள்ள. அந்த ரத்தக் குழம்பு ஒரு வாய். எனக்காக இல்ல. ஆங். எப்படி இருக்கு? நல்லா இருக்கா? சத்தமாச் சொல்லு. இன்னும் கொஞ்சம் சத்தமா, திரைக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி. சரி.

தண்ணி ஏறிடுச்சு பாரு. மூங்கில் மேல தட்டுது, கேக்குதா? படகு ஆடற சத்தம் அது.

என்ன, நண்பனுக்கா? விடுதியில காச்சல்ல படுத்திருக்கானா, பாவம். கட்டித் தரணும்தான். திருநாளுக்கு வந்தவனைப் பொட்டலம் இல்லாம அனுப்பறது மரியாதை இல்லதான். ஆனா குடுக்க முடியாது, தப்பா நினைக்காத. சாவு வீட்டுச் சோறு படியிறங்கக் கூடாது இல்ல, உங்க பக்கத்துலயும் அப்படித்தானே?

உக்காரு, உக்காரு. நேத்து சாயங்காலம். அந்தக் குழம்பை இறக்கி வச்சா, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அடுப்புப் பக்கத்துலயே சாஞ்சா. நான் ஓடினேன். முக்குல மூணுசக்கர வண்டிக்காரன் நின்னான். பெட்ரோல் இல்லன்னான். இப்ப ஊர்வலத்துல பூ கட்டிப் போச்சே, நீ படம் எடுத்தியே, அந்த வண்டிதான். திரும்பி வந்து பாத்தா முடிஞ்சிருந்துச்சு. காலையில பழைய படகு ஒண்ணைப் பிரிச்சுப் பெட்டி அடிச்சேன். ஆணி அடிக்கற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒருத்தரும் என்னன்னு கேக்கல. வழக்கப்படி பெட்டியை ஒரு வாரம் வீட்ல வச்சு, துணைக்கு ஆளுங்களோட ராவெல்லாம் சீட்டாடி முழிச்சிருக்கணும். ஒத்தையாளா உக்காந்து யாரோட ஆடறது? அக்கரையில அவ தம்பி குழி வெட்டி வச்சிருக்கான். தூக்க வர்றேன்னான். நான்தான் வேணாம்னேன். ரத்தச் சொந்தம் பெட்டியைத் தொடக் கூடாது. புருஷன் ரத்தச் சொந்தம் இல்லன்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன். ஆனா இன்னொரு ஆள் வேணுமே. காலையிலேருந்து மேசையைப் போட்டு வாசலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். எல்லாக் காலும் அந்தப் பக்கமாத்தான் போச்சு. நீ வந்த.

ஒண்ணும் கனமில்ல தம்பி, எலும்பும் தோலும்தான். பறக்கறவ, பறக்கறவன்னாங்க. பறக்கறவளா இருந்தா எனக்கு எதுக்கு ரெண்டாவது ஆளு?

போறதுன்னாலும் போ, ஏணி அந்தப் பக்கம் இருக்கு. நான் திட்ட மாட்டேன். நீ சாப்பிட்டதே அவளுக்குப் போதும்.

கை கழுவிட்டியா. சரி, வா. இந்தத் திரையைத் தள்ளிப் பிடி. நான் தலைமாடு, நீ கால்மாடு. பின்வாசல்ல படகு ஒட்டித்தான் நிக்குது, ரெண்டு எட்டு. அக்கரையிலேருந்து திரும்பினதும் நேரா விடுதிக்குப் போயிடாத, எங்கயாவது ஒரு கடையில உக்காந்து ஏதாவது குடிச்சுட்டுப் போ. கூட வர்ற சாவு அங்கயே தங்கிடும். காச்சல்காரன் இருக்கான் இல்ல.

நிலைப்படி குறுகல், பாத்து. பெட்டி இடிச்சா இந்த வீட்ல அடுத்த ஆளு போயிடும்பாங்க. இடிச்சா இடிக்கட்டும், இங்க மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான். தூக்கு.