சீவாத மெழுகு

— பயந்துட்டேன்னு நான் எப்ப சார் சொன்னேன்? நீங்க மெஷின்ல பேசிப் பதிஞ்ச மெழுகு உருளை ஒண்ணுல பொம்பளைக் குரல் கேக்குதுன்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— முதல்ல கதவைச் சாத்துங்க, மிஸ் பெக். சமையல்கார மிஸஸ் டல்லக் காதுல விழுந்தா எடின்பரோ முழுக்கத் தெரிஞ்ச மாதிரி. ம், இப்பச் சொல்லுங்க. என்ன குரல்?

— காதுல குழாயை மாட்டிக்கிட்டு டைப் அடிச்சிட்டிருந்தேன். உங்க குரல் பாட்டுக்குக் கதை சொல்லிட்டுப் போகுது. அதுக்கு அடியில இன்னொரு குரல். நீங்க சொல்லப்போற வாக்கியத்தை உங்களுக்கு முன்னாடியே சொல்லுது. நடுநடுவுல சின்னதா ஒரு இருமல் வேற.

— எஃபி!

— யாரு?

— என் பெஞ்சாதி யூஃபீமியா, மிஸ் பெக். எஃபின்னுதான் கூப்பிடுவேன். நீங்க இங்க வேலைக்கு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போயிட்டாளே, அவ. அந்த இருமல் அவளோடது. ஐயோ, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்! மெஷின் முன்னாடி உக்காந்தாலே பிடரியில குளிரும். என் பின்னால நின்னுக்கிட்டு அவதான் எடுத்துக் கொடுக்கறா. அதுதான் விஷயம்!

— சார், கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி நடக்காதீங்க. உக்காருங்க.

— உக்காரவா? பிரசுரக் கம்பெனி ஆள் ஒரு மணிக்கு வர்றான். நாவலை அவன் கையில கொடுக்கும்போது முன்னுரையும் சேர்த்துக் கொடுப்பேன். எழுதிக்கோங்க. "இந்த நாவலை, மறைந்த என் மனைவி கல்லறைக்கு அப்பாலிருந்து..." லண்டனே கொத்திக்கிட்டுப் போகும், பாருங்க!

— எழுத மாட்டேன்.

— என்னது?

— பச்சையாச் சொல்றேன், சார். நான் நியூஹேவன் மீன்காரி பெத்த பொண்ணு. அழுகினதை மோப்பத்துலயே கண்டுபிடிச்சிடுவேன். காதுல பூ சுத்தணும்னா வேற காது பாருங்க. எனக்கு மெழுகு தெரியும்.

— மெழுகு தெரியுமா! செத்தவங்களைப் பத்தி மெழுகுக்கு என்ன தெரியும்?

— நீங்க பேசினதை நான் டைப் அடிச்சு முடிச்சதும், உருளையைக் கத்தியில மாட்டி மேலாகச் சீவறேன். மறுபடி பளபளன்னு ஆயிடும், மறுபடி பேசறீங்க. சீவினது பத்தலைன்னா பழைய சத்தம் அடியில நிக்கும். பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. குரல் சன்னமா வெட்டும், ஒரு சீவல்ல போயிடும். பெரிய சத்தம் ஆழமா வெட்டும், அது லேசுல போகாது. உங்க உருளைகள்ல அப்படி ஒண்ணு நிக்குது, சார். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு உருளையில. "டம்"முனு.

— அது என்ன டம்மு?

— கோட்டையில ஒரு மணிக்குச் சுடற பீரங்கி. நீங்க ஒன்பது மணிக்கு மெஷின் முன்னாடி உக்காருவீங்க, பன்னெண்டு அடிச்சாத் தொப்பியை மாட்டிக்கிட்டு கிளப்புக்குப் போயிடுவீங்க. பீரங்கி சுடறப்ப உங்க வாயில ஆட்டுக்கறி இருக்கும். அப்ப அந்த நேரத்துல இந்த மெஷின்கிட்டப் பேசினது யாரு?

— பதினொண்ணுலயுமா அவ குரல் கேக்குது?

— இல்ல. அதுல எல்லாம் பீரங்கி மட்டும்தான். குரல் ஒரே ஒரு உருளையில.

— அப்ப அது முப்பத்தாறாவது அத்தியாயமாத்தான் இருக்கும். அன்னிக்கு அவசரத்துல சரியாச் சீவலை...

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல.

— உருளை சீவறது என் வேலை சார். நீங்க ஏன் சீவினீங்க?

— மிஸ் பெக்...

— திருதிருன்னு முழிக்காதீங்க. சொல்லுங்க.

— ...அந்த மெஷினை வாங்கினதே அவதான். பேனா பிடிக்க முடியாம கை நடுங்க ஆரம்பிச்சப்ப. சும்மா விளையாட்டுக்கு வெச்சிருக்கான்னு நெனச்சேன். புதைச்சுட்டு வந்து அலமாரியைத் திறந்தா, வரிசையா முப்பத்தெட்டு உருளை. ஒவ்வொண்ணு மேலயும் பென்சில்ல அத்தியாய எண். ராத்திரி பகலாக் கேட்டேன். என் பத்து நாவலையும் சேர்த்துக் கட்டினாலும் அதுல ஒரு அத்தியாயத்துக்குக் காணாது. எவ்வளவு எரிஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது!

— அதனால?

— கேட்டு எழுதிக்கிட்டேன். அப்புறம் சீவிட்டு, அதே உருளையில என் குரல்ல சொன்னேன். நீங்க டைப் அடிச்சீங்க.

— சீவின மெழுகு?

— அடுப்புல.

— பெஞ்சாதி குரலை அடுப்புல போட்டீங்களா!

— ஒவ்வொரு தடவையும் அழுதேன், மிஸ் பெக்! நம்புங்க!

— நம்பறேன். அழுதுக்கிட்டே சீவியிருக்கீங்க. கதையில வர்ற டாக்டர் லார்ன் என்ன பண்றான்? சாகறவங்களோட கடைசி மூச்சைக் கண்ணாடி ஜாடியில பிடிக்கறான். அதை உள்ள இழுத்துட்டு, அவங்க அறிவைத் தன்னோடதுன்னு ஊருக்குள்ள பேசிட்டுத் திரியறான். கடைசியில கட்டின பெஞ்சாதி மூச்சையும் விட்டு வெக்கலை. முழு நாவலையும் டைப் அடிச்சவ நான். இவ்வளவு கொடுமையை யாரு யோசிப்பாங்கன்னு நெனச்சேன். இப்பத்தான் புரியுது, பாவி மனுஷி உங்களைப் பாத்துப் பாத்து எழுதியிருக்காங்க.

— உங்களுக்கு என்ன வேணும்?

— முதல் பக்கத்துல உங்க பேரை அடிச்சிட்டு, அவங்க பேரைப் போடுங்க. இந்தாங்க பேனா.

— என் கடைசி நாவல் கடையில கிடந்து தூசி தின்னுது. இதுவும் போச்சுன்னா டால்கார்னோன்னு ஒருத்தன் இருந்ததை யாரும் நினைக்க மாட்டாங்க. தயவு பண்ணுங்க.

— டைப் அடிச்ச தாள் அத்தனையும் என் பைக்குள்ள இருக்கு. பேர் மாறலைன்னா பையோட நான் ட்ராம் ஏறிடுவேன். அப்புறம் வர்றவன்கிட்ட வெறுங்கையைக் காட்டுங்க.

— ...கொடுங்க பேனாவை. யூ... ஃபீ... மியா. டால்கார்னோ. போதுமா? திருப்திதானே?

— போதும். மை காயட்டும். தண்ணி வேணுமா?

— வேண்டாம். ஆனா ஒண்ணு கேளுங்க, மிஸ் பெக். இதை மட்டும் நீங்க நம்பணும். அவ முடிக்காமத்தான் போனா. முப்பத்தெட்டோட நின்னுடுச்சு. முப்பத்தொன்பது, கடைசி அத்தியாயம், அது என்னோடது. மூணு வாரம் தூங்கலை. டாக்டரைத் தப்பிக்க விடறதா வேண்டாமான்னு முட்டிக்கிட்டேன். நேத்து ஞாயித்துக்கிழமை மிஸஸ் டல்லக் கோயிலுக்குப் போனதும் உக்காந்தேன். அருவி மாதிரி கொட்டுச்சு! லீத் துறைமுகத்துல கப்பல் ஏறி நார்வேக்குப் போயிடறான், ஜாடியோட. ஒரு இடத்துல நிக்கலை, திணறலை. என் வாழ்க்கையில அப்படி வந்ததே இல்ல.

— எந்த உருளையில பேசினீங்க?

— அவளோடதைத் தொடவே இல்ல. சனிக்கிழமை கிளாஸ்கோவிலேருந்து புதுப் பெட்டி வந்துதே, நீங்கதானே கயிறை அறுத்தீங்க? அதுல மேல இருந்த முதல் உருளை. கத்தி படாத மெழுகு. அந்த ஒரு அத்தியாயம் சுத்தமா என் சொந்தச் சரக்கு. முதல் பக்கத்துல வேண்டாம், கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல என் பேரைப் போட்டுக்கலாம் இல்ல?

— அந்தப் புதுப் பெட்டியில இருந்ததா? நிச்சயமாவா, சார்?

— பீரங்கி! ஒரு மணி ஆயிடுச்சு. ஆள் படியேறிட்டிருப்பான். மிஸ் பெக், ஏன் இப்படி வெளுத்துட்டீங்க? நல்லா இருக்கா இல்லையா, அதையாவது சொல்லுங்க. தப்பிக்கறான் இல்ல, அந்த இடம்?

— வந்ததும் சொன்னேனே சார், ஒரு உருளையில குரல் கேக்குதுன்னு. எந்த உருளைன்னு நீங்க கேக்கவே இல்ல. நீங்களா முப்பத்தாறுன்னு சொல்லிக்கிட்டீங்க.

— பின்ன?

— முப்பத்தொன்பது, சார். ஏதோ பழைய உருளையை எடுத்துப் பேசிட்டீங்கன்னு இந்த நிமிஷம் வரைக்கும் நெனச்சேன். நீங்க "முற்றும்"னு சொல்லி நிறுத்தினப்புறமும் அவங்க நிறுத்தலை. கப்பலைத் துறைமுகத்துக்குத் திருப்பிக் கொண்டு வந்துக்கிட்டிருக்காங்க.