சகலையின் ஆள்காட்டி விரல்

அடுத்தவர் லேப்டாப்பை நான் துடைக்காமல் தொட்டதே கிடையாது. அதற்கென்றே மெல்லிய துணி ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். மூடியைத் துடைத்து, திரையைத் துடைத்து, விசைகளின் இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குவேன். சகலையின் லேப்டாப்பையும் அப்படித்தான் தொட்டேன். செயற்குழு இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் லினக்ஸ் அன்பர் சங்கத்தின் தலைவரான என்னிடம், இந்தச் சலவைக்கடை மாடியில், நான் வாங்கிப் போட்ட நாற்காலியிலேயே உட்கார வைத்து விளக்கம் கேட்கிறீர்கள். கேளுங்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். என் மடியில் இருப்பது ஒரு லேப்டாப்பின் கனம் மட்டும்தான்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். கட்டட வரைபடம் போடுகிறவர். அலுவலகம் கிடையாது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் லேப்டாப், மறுமுனையில் மடிக்காத துணி மலை, நடுவில் ஊறுகாய் பாட்டில். மவுஸ் உருட்ட இடமில்லாததால், விசைகளுக்குக் கீழே இருக்கும் டச்பேடு தகட்டிலேயே பழகிவிட்டார். ஆள்காட்டி விரலால் சுவரை இழுப்பார், ஜன்னலைத் திறப்பார், படிக்கட்டை ஏற்றுவார். பார்த்தால் ஏதோ பூனைக்குட்டியைத் தடவிக்கொடுப்பதுபோல இருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் புதிய மாடிக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். அது கிடைத்துவிட்டால் தனி அலுவலகம் பிடித்துவிடலாம், ஊறுகாயிலிருந்து விடுதலை என்று இருந்தார். அவர் கணினியில் லினக்ஸ், அதாவது காசில்லாமல் கிடைக்கும் நம் இயங்குதளம், போட்டுக் கொடுத்தவன் நான். அவர் கேட்கவில்லை. நல்லது செய்வதற்குக் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தோம். "அண்ணே, ஸ்பீக்கர்ல லேசா கரகரங்குது, ஒரு பார்வை பாருங்களேன்" என்றார். துடைத்தேன், திறந்தேன். ஸ்பீக்கரைத் தேடிப் போகும் வழியில் என் கண்ணில் பட்டது டச்பேடின் டிரைவர். டிரைவர் என்றால் விரல் சொல்வதைக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் சின்ன மென்பொருள், கல்யாணத் தரகர் மாதிரி. உங்களுக்குத் தெரியாததல்ல. டீ குடிக்க மட்டும் கூட்டத்துக்கு வரும் நம் பொருளாளருக்காகச் சொல்கிறேன். அந்த டிரைவர் பழையது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பழையது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் பல்லில் கீரை ஒட்டியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. சகலை கை கழுவப் போன நேரத்தில் புதியதைப் போட்டுவிட்டேன். ஸ்பீக்கரைப் பார்க்க மறந்துவிட்டது. இன்றைக்கும் கரகரக்கிறது.

மறுநாள் காலையில் போன்.

"அண்ணே, கர்சர் தாவுது. சமையலறைச் சுவரைப் புடிச்சா பக்கத்து மனைக்குப் போயிருது. ஒரு தட்டு தட்டினா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது, தட்டாம இருந்தா எல்லாம் நடக்குது."

போய்ப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. புதிய டிரைவருக்கும் அந்த டச்பேடுக்கும் ஜாதகம் சேரவில்லை. பழைய டிரைவரைத் திரும்பப் போட்டு, ஒருமுறை அணைத்துத் திறந்தால் போதும். ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் முடிகிற காரியம்.

ஆனால் நம் சங்கத்தின் முதல் விதி என்ன? அன்பன் பின்வாங்குவதில்லை. புதியதிலிருந்து பழையதற்குத் திரும்புகிறவன் அன்பன் அல்ல. விதியை எழுதியவன் நான். உங்கள் தலைக்குப் பின்னால் சுவரில் பெயின்டில் எழுதியதும் நான்தான். போதாததற்கு, முந்தின நாள் அதே சாப்பாட்டு மேசையில், மேம்படுத்தலால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை என்று விரிவாகப் பேசியிருந்தேன். மாமனார் பாதியில் தூங்கிவிட்டார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனவே நிதானமாக யோசித்தேன். டிரைவரில் தவறு இருக்க முடியாது. டச்பேடு நேற்று வரை நன்றாக இருந்தது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று.

"சகலை, உங்க விரலைக் கொஞ்சம் காட்டுங்க."

நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் நன்றாகவே இருந்தது. உதட்டைப் பிதுக்கினேன்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஈரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"வயசாகுதுல்ல."

நான் சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவராகச் செய்துகொண்டது. நகத்தை ஒட்ட வெட்டினார். ஒவ்வொரு சுவருக்கும் ஒருமுறை கை கழுவினார். நான் ஒரு யோசனையாகச் சொன்னதை நம்பி விரலில் முகப்பவுடர் போட்டுக்கொண்டார். விசைப்பலகை, சட்டை, மூக்கு எல்லாம் வெள்ளை. கர்சர் மட்டும் தன் போக்கில் தாவிக்கொண்டிருந்தது.

என் கொழுந்தியாள் கெட்டிக்காரி. புருஷனை நகரச் சொல்லிவிட்டுத் தானே விரலை வைத்துப் பார்த்தாள்.

"மாமா, எனக்கும்தான் தாவுது. எனக்கும் விரல் கெட்டுப்போச்சா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே சோப்புதானே போடுறீங்க?"

அவள் யோசித்தாள். யோசிக்கிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் கவலை இல்லை. அன்று மாலையே வீட்டில் சோப்பை மாற்றினார்கள்.

அடுத்த முறை போனபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மவுஸை இரவல் வாங்கி வந்திருந்தாள். துணி மலையைத் தள்ளிவிட்டு மாட்டினார்கள். கர்சர் தண்ணீர் மாதிரி போனது. சகலையின் முகத்தில் பவுடரையும் மீறி ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மைக்கு எப்போதும் இரண்டு பக்கம் உண்டு.

"பார்த்தீங்களா சகலை," என்றேன். "மவுஸைப் புடிக்கிறது உள்ளங்கை. உள்ளங்கை நல்லா இருக்கு. அப்ப கோளாறு எங்க?"

அவர் மெல்ல ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்தார். "விரல்லதான்" என்றார். அவராகத்தான் சொன்னார். நான் சொல்லவில்லை.

மவுஸிலேயே பழகிவிட்டால் விரல் சோம்பேறியாகிவிடும் என்பதால் அதை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் கொழுந்தியாள் ஏதோ சமாளிக்கிறாளாம்.

மோதிரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் செயலாளர் அதை எடுப்பார். உலோகம் மின்சாரத்தை இழுக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதைத்தான் சொன்னேன். சகலையின் கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்பு நுரை, எண்ணெய், நூல், எதற்கும் அசையவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் நகைக்கடைக்குப் போய் வெட்டி எடுத்துவிட்டார். கொழுந்தியாள் என் மனைவிக்குப் போன் செய்து அழுதாள்.

"அக்கா, மத்த வீட்டுல இன்னொருத்திக்காக மோதிரத்தைக் கழட்டுவாங்க. இவரு ஒரு தகட்டுக்காக வெட்டிட்டு வந்து நிக்கிறாருக்கா. நான் என்னன்னு சண்டை போடுறது?"

மோதிரம் இருந்தது வேறு விரலில் என்று செயலாளர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. பக்கத்துக்குப் பக்கத்து விரல்தானே. ஒரே கையில் குடியிருக்கிறவர்களுக்குள் போக்குவரத்து இருக்காதா?

பிறகு நரம்பு டாக்டர். இது முழுக்க அவர்கள் முடிவு. டாக்டர் விரலை மடக்கி, நீட்டி, ஊசியால் குத்தி, ஒன்றுமில்லை என்றிருக்கிறார். சகலை நம்பாமல் நின்றதைப் பார்த்து, தன் லேப்டாப்பைத் திருப்பி வைத்து கர்சரை ஓட்டச் சொல்லியிருக்கிறார். ஓடியிருக்கிறது. சகலை அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, டாக்டர் லேப்டாப்ல என் விரல் வேலை செய்யுதுண்ணே."

"அது என்ன இயங்குதளம்?"

கேட்டுச் சொன்னார். காசு கொடுத்து வாங்கும் வகை.

"அது அப்படித்தான் சகலை. அது தராதரம் பார்க்காது, எவன் விரலையும் ஏத்துக்கும். நம்மளது அப்படியில்ல."

"அதானே பார்த்தேன்" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

கர்சரோடு மல்லுக்கட்டி ஒருவழியாக முடித்த வரைபடத்தைப் பள்ளிக்கூடக் கமிட்டியின் முன்னால் காட்டும் நாள் வந்தது. துணைக்கு வாருங்கள் என்று அவர்தான் கூப்பிட்டார். நான் இருந்தால் தைரியமாம். பெரிய கூடம், நீள மேசை, சுவரில் வெள்ளைத் திரை, தட்டுத் தட்டாகக் கேக். கமிட்டித் தலைவர் உடம்பை விடப் பெரிய கோட்டு போட்டிருந்தார். அரை மணி நேரம் கல்வியைப் பற்றிப் பேசிவிட்டு, "சரி, காட்டுங்க" என்றார்.

சகலை நன்றாகத்தான் தொடங்கினார். வகுப்பறைகள், நூலகம், காற்று எந்தப் பக்கம் வரும், வெயில் எந்தப் பக்கம் விழாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது படிக்கட்டைச் சுட்டிக்காட்ட விரலை வைத்தார். கர்சர் படிக்கட்டைக் கவ்விக்கொண்டு ஒரு தாவு தாவி, அதைத் தலைமை ஆசிரியரின் கழிப்பறைக்குள் போட்டது.

"மாடிக்கு எப்படிப் போறது?" என்று தலைவர் கேட்டார்.

"இருங்க ஐயா, எடுத்துர்றேன்." தொட்டார். நூலகம் விளையாட்டு மைதானத்துக்குப் போனது. மறுபடி தொட்டார். மைதானமே காணாமல் போனது.

"பசங்க கழிப்பறை வழியா ஏறி, மாடியிலேருந்து குதிச்சு வீட்டுக்குப் போகணுமா?"

கூடமே சிரித்தது. தலைவர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சகலை பவுடர் அப்பிய ஆள்காட்டி விரலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"மன்னிக்கணும். வரைபடத்துல தப்பு இல்லீங்க. என் விரல் சரியில்ல."

அந்த நேரத்தில் எழுந்து நின்று, விரல் இல்லை, டிரைவர் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. வாயில் கேக் இருந்தது. வாயில் எதையாவது வைத்துக்கொண்டு சபையில் பேசுவது மரியாதை இல்லை.

வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. சகலை அதற்குப் பிறகு வரைவதை விட்டுவிட்டார். இப்போது மாமனாரின் மரக்கடையில் பலகை அளந்து கொடுக்கிறார். வீட்டில் மேசை காலியாகி, துணி மலை இரண்டு முனைக்கும் பரவிவிட்டது. கொழுந்தியாள் என்னோடு பேசுகிறாள், ஆனால் பேசும்போது என் விரல்களையே பார்க்கிறாள். சகலைக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சகலை மட்டும் இல்லேன்னா எனக்கு இப்படி ஒரு கோளாறு இருக்கிறதே தெரிஞ்சிருக்காதுங்க" என்கிறாராம். அந்த நன்றியில், "இனிமே எனக்கு எதுக்குண்ணே" என்று சொல்லி லேப்டாப்பையும் எனக்கே கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்ளும்போது அவர் விரலை ஒருமுறை தட்டிக்கொடுத்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் அல்ல நான்.

இனி செயலாளரின் குற்றச்சாட்டு. போன கூட்டத்தில் நான் அந்த லேப்டாப்பில் விளக்கப்படம் காட்டியபோது கர்சர் தாவவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். நான் டீ எடுக்கப் போன இடைவெளியில் லேப்டாப்புக்குள் போய்ப் பார்த்துமிருக்கிறார். துடைத்துவிட்டுத் தொட்டாரா என்று கேட்க மாட்டேன். அவர் பார்த்தது சரிதான்.

ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப் என் கைக்கு வந்த அன்றே, கதவைச் சாத்திக்கொண்டு, பழைய டிரைவரைத் திரும்பப் போட்டேன். காபி ஆறவில்லை. அந்த டச்பேடு இப்போது வெண்ணெய் மாதிரி போகிறது. நான் பின்வாங்கினேன். சங்கத்தின் முதல் விதியை, அதை எழுதிய கையாலேயே மீறினேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் செய்த தவறு இது ஒன்றுதான். இதற்காகத் தலைவர் பதவியை விட்டு விலகச் சொன்னாலும் தலைவணங்கி ஏற்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது சகலையின் காதுக்குப் போக வேண்டாம். தன் லேப்டாப்பில் இப்போது பழைய டிரைவர் ஓடுகிறது என்று தெரிந்தால், பாவம், மனசு உடைந்துபோவார்.