யானையை முடுக்கும் பாட்டு

தொண்டாமுத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு விவசாயியும் இங்கிலீஷ் வாத்தியாரும்.

"ஏனுங்க, யானைய முடுக்கித் தொரத்த இங்கிலீஷ்ல மந்திரம் இருக்குதுங்க," என்றார் விவசாயி. "செத்துப்போன வெள்ளக்காரப் பாதிரியார் யானை வந்தா அதத்தான் சொல்லுவாருங்க. கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிப்போட்டேன்."

"சொல்லுங்க, பாப்போம்."

தடங்கலில்லாமல் சொன்னார். வாத்தியார் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். என் ஊர் வந்தது, நான் இறங்கவில்லை.

"மந்திரமில்லீங்க, கவிதை," என்றார் வாத்தியார். " காட்டு உசுரும் மனுசனும் கடவுளுக்கு ஒண்ணுதான், கதவு தொறந்திருக்குது, உள்ள வான்னு கூப்புடுதுங்க."

"தெனமும் சாயங்காலம் சொல்றேனுங்க. மொதல்ல யானை வேலிகிட்ட நின்னுச்சு. நேத்து வாசல்ல வந்து நின்னுச்சுங்க."

"பாதிரியார் எப்படிங்க செத்தாரு?"

"யானை மிதிச்சுத்தானுங்க. அன்னிக்குப் பாட்ட மறந்துபோட்டாருன்னு நெனச்சோம்."