ஒழுகின மூட்டை

இந்தப் பக்கமா வந்து நின்னு பேசும்மா. அந்தக் காது எனக்குக் கேக்காது. ஆங், இப்ப சொல்லு. பூவிழியா? நல்ல பேரு. கூனிமேட்டுலருந்தா வர்ற, பஸ்லயா? என் பேரு சகாயசெல்வி, அக்கான்னே கூப்புடு. துப்பட்டாவ எடுத்து அந்த ஆணியில மாட்டு. மூஞ்சிய மூடிக்கினுலாம் வெயிட்டு தூக்க முடியாது. அட, எடும்மா, இங்க ஆம்பளைங்க யாரும் வர மாட்டாங்க. இது உப்பு குடோனா இருந்துச்சு, இப்ப எங்களுக்கு ஜிம்மு. உப்புப் பாத்தியில வேல முடிஞ்சதும் பதினோரு மணிக்குப் பத்து பொம்பளைங்க வருவாங்க. நீ கொஞ்சம் முன்னாடியே வந்துட்ட. நல்லதுதான்.

என்னா சொன்ன? பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டியா? சரி சரி. நானும் அந்த பாத்ரூம்ல நெறைய வாட்டி விழுந்திருக்கேன்.

காலை அகட்டி நில்லு. இடுப்ப வளைக்காத, முட்டிய மடக்கு. அப்டியே நில்லு, இன்னும் தூக்காத. மொதல்ல காலு நிக்கப் பழகணும்.

நான் தொண்ணூத்தி நாலு கிலோ இருந்தேன், நம்புவியா? சிரிக்காத. உப்பு மூட்டை எடை போடுற மெஷின்ல ஒரு நாளு ஏறி நின்னேன், சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான். லோடு ஏத்துற ஆளுங்க அத்தன பேரும் நிக்கிறானுங்க. என் புருஷனும் அதுல ஒருத்தன். அவன்தான் மொதல்ல வாயத் தொறந்தான். டேய், இத ரெண்டு பேரா புடிச்சி லாரியில ஏத்துங்கடான்னு. எல்லாரும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறானுங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து, நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேடின்னு என்னியே அடிச்சான். கேட்டுக்க, கிண்டல் பண்ணதும் அவன்தான், மானம் போனதும் அவனுக்குத்தான்.

அன்னிக்குதான் இந்தக் காது போச்சு. எதுத்தாப்புல நின்னுக்கினு வலது கைய வீசி ஒண்ணு வுட்டான் பாரு, இடது காதுல. குய்ங்னு ஒரு சத்தம். ரத்தம் கழுத்து வழியா எறங்கி ரவிக்கைக்குள்ள போவுது, சூடா. நான் தரையில கெடக்கிறேன், அவன் காலால மூஞ்சியத் திருப்பிப் பாக்கறான், உயிரு இருக்கான்னு. வயித்துல ரெண்டு வாட்டி தங்குச்சு எனக்கு. ரெண்டையும் ஒதைச்சே எறக்கிட்டான். மருமவ குண்டா இருக்கா, அதான் நிக்கலன்னு அவங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிது.

உக்காரணுமா? உக்காரு. தண்ணி அந்த பாட்டில்ல இருக்குது.

எங்க கத்துக்கினேன்னா கேக்குற? செல்லுலதான். ஏதோ ஒரு ஊருப் பொம்பள, இரும்பத் தூக்குறா. அவ தொடை என் தொடையவிடப் பெருசு. ஒருத்தரும் சிரிக்கல, கை தட்டுறாங்க. அதையே திருப்பித் திருப்பிப் பாத்தேன். அது ஐப்பசி மாசம், மழை, பாத்தியெல்லாம் தண்ணி, வேல கெடையாது. குடோன்ல கெடந்த உப்ப அள்ளி ஒரு கோணியில போட்டேன். அதே மெஷின்ல வச்சி, சரியா நாப்பது கிலோ. வாயத் தெச்சி இந்த மூலையில போட்டேன்.

மொத நாளு அசையவே இல்ல. ஒரு வாரத்துல தரைய விட்டு எழும்புச்சு. அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு. தெனமும் வருவேன். சோத்தக் கொறச்சேன், மீனு, முட்டன்னு தின்னேன். மூணு மாசத்துல நெஞ்சு வரைக்கும் தூக்கறேன்! பதினாறு கிலோ எறங்கிட்டேன். ஆனா அது பெருசில்ல. அவன் கை ஓங்கறப்ப கண்ண மூடறத வுட்டுட்டேன், அதான் பெருசு. கண்ணத் தொறந்து வச்சிக்கினா அடி எங்கருந்து வருதுன்னு தெரியும். நீயும் மூடாத, என்னா.

தை மாசம், மத்தியான நேரம். கொழம்புல உப்பு பத்தலன்னு தட்டத் தூக்கி அடிச்சான். உப்பளத்துல குடியிருந்துக்கினு அவனுக்கு உப்பு பத்தல. ஓரமா இருந்த மூங்கிக் கழியத் தூக்குனான், உப்பு வார்ற பலகைக்குப் போடுற கழி. நான் கண்ண மூடல. நாப்பது கிலோ தூக்கறவ நான், இவன் கை எத்தன கிலோ இருந்துடும்னு ஒரு நெனப்பு. மணிக்கட்டப் புடிச்சேன். புடிச்சி இழுத்து, கதவு நெலையில வச்சி, கதவ அடிச்சி சாத்துனேன். என் வெயிட்டு முழுசையும் போட்டு. பட்டுனு முருங்கக் கிளை முறியற சத்தம். கத்துறான், அம்மா அம்மான்னு. தொறந்து மறுபடியும் சாத்துனேன். எலும்பு தோல கிழிச்சிக்கினு வெளிய வந்துடுச்சு. மூணாவது வாட்டி தேவையே இல்ல. ஆனா சாத்துனேன்.

நல்லா இருந்துச்சான்னா, இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்ப ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், இத மட்டும் சொல்லல. வருத்தப்படணும்ல, எனக்கு வருத்தமே வரலியே.

கேஸா? எங்க குடுப்பான்! பொண்டாட்டியே என் கைய ஒடிச்சிட்டான்னு ஸ்டேஷன்ல போயி சொல்லுவானா? ஆஸ்பத்திரியிலயே வேற என்னமோ கதை சொல்லித்தான் கட்டுப் போட்டுக்கினான். நாலாம் நாளு பையத் தூக்கிக்கினு ஊர வுட்டே போயிட்டான்.

இப்ப கேளு தமாஷ. இதக் கேள்விப்பட்டு பாத்தியில கூட வேல செய்யற வைஜெயந்தி, அம்சவல்லி எல்லாம் வந்துட்டாங்க, நாப்பது கிலோ தூக்கிக் காட்டுன்னு. பெருமையா மெஷின்ல வச்சேன். இருவத்தி ஏழு கிலோ! மழக் காத்துல உப்பு தண்ணியா ஒழுகியிருக்குது. தெனமும் கோணிக்கு அடியில ஈரத்தப் பாக்கறேன், கூரைதான் ஒழுவுதுன்னு நெனச்சிக்கினு தொடைச்சிட்டுப் போயிருக்கேன். பொறந்ததுலருந்து உப்புல கெடக்கறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா அப்ப தோணல, பாரு. நான் பலமாவறேன்னு நெனச்சிக்கினு இருந்தா மூட்டை எளைச்சிக்கினு இருந்திருக்குது. சிரிச்சேன், அப்புறம் அழுதேன். இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அவன் கையப் புடிச்சிருப்பனா? மாட்டேன். செத்திருப்பேன்.

அதனால இப்ப எல்லாம் மணலுதான். இது ஒழுவாது. எழுந்துரு. உனக்கு இருவது கிலோ போட்டு வச்சிருக்கேன். மூட்டைய ஒடம்போட ஒட்டிப் புடி. தூக்கு. ஆ, அப்டித்தான். இன்னும் கொஞ்சம். போதும், மூச்ச வுட்டுக்கினே மெதுவா எறக்கு.

பூவிழி, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நீ துப்பட்டாவ எடுத்தப்பவே பாத்துட்டேன். எனக்கு எப்பவும் இடது பக்கந்தான் விழும். உனக்கு வலது கன்னம் வீங்கிக் கெடக்குது, வலது கண்ணுல ரத்தம் கட்டியிருக்குது. இடது கையால அடிக்கப் பழகிக்கினான் போல.

என்னா பாக்குற? இங்கருந்து ஓடிப் போயி இப்ப ஐஸ் கம்பெனியில இருக்கற பிரபுதான உன் வீட்டுக்காரன்? அவன் பூவிழின்னு ஒருத்தியக் கட்டிக்கினான்னு கேள்விப்பட்டப்ப உன்மேல எனக்குக் கோவம் வரல. ஒரு கைய வுட்டு வச்சிட்டமேன்னுதான் இருந்துச்சு. அழுவாத. எனக்காவது மூணு மாசம் கெடைச்சிது, உன் கண்ணப் பாத்தா உனக்கு அவ்ளோ நாளு இல்ல. நீ இன்னிக்கு அங்க போவாத, என் வீட்லயே இரு. தேடிக்கினு வரட்டும். நாங்க பத்து பேரு இருக்கோம்.

அவனுக்கு வலது கை மடங்காதுல்ல? லாரிக் கதவுல நசுங்கிடுச்சுன்னு உன்கிட்ட சொல்லியிருப்பான். கதவு வரைக்கும் நெஜந்தான்.