பெட்டிக்குள் யார்?

எங்கள் நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பெட்டிக்குள் யார்?’ என்ற பகுதிதான், இன்ஸ்பெக்டர். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். மரப்பெட்டிக்குள் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பார். மேடையில் இருக்கும் பிரபலங்கள் கேள்வி கேட்டு, அவர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பேசக் கூடாது. ஆமென்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. விடை தெரிந்தவர் எழுந்து வந்து, தொகுப்பாளரான என் காதில் மட்டும் சொல்வார். நான் சரி என்றால்தான் பெட்டி திறக்கும். இல்லாவிட்டால் கடைசி மணி அடிக்கும்வரை ஆட்டம் நடக்கும்.

அன்று உள்ளே இருந்தது என் தம்பி. அடுத்த வாரத்திலிருந்து என் நாற்காலி அவனுக்கு என்று அறிவிக்கத் தயாரிப்பாளர் செய்த ஏற்பாடு அது. சந்தோஷம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வயிறு எரிந்தது. அந்த நாற்காலியை விட்டால் எனக்குப் போக்கிடமில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூட அந்த மேடைச் சிரிப்பு என் முகத்தை விட்டு இறங்காது.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. பெட்டிக்குள் ஏறும் முன் அவனை நிறுத்தினேன்.

“இன்ஹேலரக் குடுடா. பாக்கெட்டு புடைச்சுக்கிட்டு அசிங்கமா இருக்கு,” என்றேன்.

“பக்கத்துலயே இருப்பீங்கல்லண்ணா?”

“நான் எங்கடா போகப்போறேன்?”

பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே ஆள் தெரிகிறது என்று கறுப்புத் துணி ஒட்டியதும் நான்தான்.

முதலில் தட்டல்கள் ஒழுங்காக வந்தன. பிறகு கேள்வியே இல்லாமல் படபடவென்று தட்டினான்.

“விருந்தாளிக்கு அவசரம் போல. பாத்ரூம் எங்கன்னு யாரும் காட்டலியா?” என்றேன். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், கோட்டுப் பையில் இருந்த இன்ஹேலர் விலாவில் இடித்தது. தட்டல் நின்றதும், “தூங்கிட்டாரு,” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மணி அடித்த பிறகு திறந்தோம். அவன் நகமெல்லாம் ரத்தம்.

நடுவில், மேடையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த நடிகை எழுந்து வந்து என் காதில் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். அவள் உங்களிடம் சொன்னது உண்மைதான். அப்போது தட்டல் பலமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

“உங்க தம்பிதானே சார்?” என்றாள்.

தவறு என்றேன். அவளும் நம்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை முடித்தால், பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் அல்லவா?