கழட்டி வைக்க ஒரு செருப்பு

விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நாளைக்கு நான் செருப்பு போட்டுக்கிட்டு வரப்போறேன். கழட்டி வெக்கிறதுக்குத்தான்.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“ஏண்டி, நீதான் செருப்பே போட மாட்டியே.”

“செருப்பு போட்டவங்க கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல கழட்டிட்டு நேரா உள்ள போயிடுறாங்க. வெறுங்கால்ல வந்தவங்க கொழாயில காலு கழுவி, ஈரம் காஞ்சப்புறம்தான் போவணும். அதுக்குள்ள கம்ப்யூட்டருக்கு நாலு பேருன்னு எல்லாரும் ஒக்காந்துடுறாங்க. மொதல்ல ஒக்காந்தவங்களுக்குத்தான் மவுஸு. நான் ஜூன்லேர்ந்து பின்னால நின்னு வேடிக்கதான் பாக்குறேன்.”

“சார்கிட்ட சொல்லேன்.”

“சொன்னேன். பஸ்ஸ விட்டு எறங்கி செராமிக் கம்பெனி பக்கமா நடந்து வர்றீங்க, காலெல்லாம் வெள்ள மண்ணு, அதோட உள்ள வந்தா மிஷினு கெட்டுடும்னாரு. அவரு சொல்றது சரிதான். அதான் செருப்போட வரேன்.”

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. தோழி குனிந்து அவள் காலைப் பார்த்தாள்.

“செருப்புக்கு எங்க போவ?”

“அப்பாவோடது இருக்குது. நாளைக்கு அவருக்கு லீவு, வூட்டுலதான் இருப்பாரு.”

“படகு மாதிரி இருக்கும்டி. எல்லாரும் சிரிப்பாங்க.”

“வாசல் வரைக்கும் சிரிக்கட்டும். உள்ள போயிட்டா எல்லாரும் வெறுங்காலுதான். மவுஸு மட்டும் என் கையில இருக்கும்.”