எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட்

— லிஃப்ட்ல கோளாறு இல்லன்னா மனுஷன்லதான் கோளாறு, மெக்கானிக். அத நான் அப்பவே சொல்லிட்டேன். இது பக்கா சமூக விரோத நடத்தை.

— சார், யாரோ எல்லா மாடி பட்டனையும் சேத்து அழுத்திட்டு எறங்கிப் போயிடறாங்க. இதுக்குப் போய் இவ்ளோ பெரிய பேரா?

— விஷயம் பெருசுப்பா. ரெண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கேன், ஞாபகம் வச்சுக்க. இதுல உளவியல் இருக்கு, சமூகவியல் இருக்கு. சின்ன வயசுல மனசுல பட்ட அடி...

— சின்ன வயசுல பட்டன் அழுத்த விடலையோ என்னமோ.

— கிண்டலா?

— ஐயோ, இல்ல சார். அந்த டார்ச்ச கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. இந்த மெஷின் ரூம்ல பல்பு போயி ஆறு மாசம் ஆச்சு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் யாருன்னு நான் கேக்கல.

— அத விடு. குற்றவாளி அஞ்சாவது மாடியில வாடகைக்கு இருக்கற பொண்ணு. சாயங்காலம் மீட்டிங். வீட்டக் காலி பண்ணச் சொல்லி தீர்மானம் டைப் அடிச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி.

— அந்தப் பொண்ணா? ஆதாரம்?

— மீட்டிங் பக்கம் தலைவச்சுப் படுக்கறதில்ல. செடிக்குத் தண்ணி ஊத்தினா நாலாவது மாடித் துணியில சொட்டுது. எல்லாத்துக்கும் மேல, ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தப் பட்டன் கூத்து நடக்கறதில்ல. ஏன்? அன்னிக்கு அவ பத்து மணி வரைக்கும் தூங்கறா!

— என்னங்க, டீ. தம்பி, நீங்களும் எடுத்துக்குங்க.

— மொட்டமாடிக்கு நீ எதுக்கு ஏறி வந்த?

— நீங்க பேசறது கீழ நம்ம வீடு வரைக்கும் கேக்குது. பாவங்க அந்தப் பொண்ணு. எனக்கு ஜுரம் வந்தப்ப ராவோட ராவா ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வந்தவ.

— அதான் அறிகுறி! வெளிய தேனா இருப்பாங்க. உள்ள குற்ற உணர்ச்சி துளிகூட இருக்காது. வகுப்புல பாடமே எடுத்தாங்க.

— சார், பொறுங்க. இந்தப் பெட்டி இருக்கே, லிஃப்ட் எந்த மாடியில நிக்கறப்ப எந்தப் பட்டன் அழுத்தினாலும் நேரத்தோட குறிச்சு வச்சுக்கும்.

— எல்லாத்தையுமா?

— தும்மல் இருமல் தவிர எல்லாத்தையும்.

— யார் அழுத்தினாங்கன்னுமா?

— ஆள் தெரியாது, மாடி தெரியும். பாருங்க, நேத்து காலைல எட்டு இருபது. முந்தாநேத்து எட்டு இருபத்தொண்ணு. லிஃப்ட் ஏழாவது மாடியில நிக்கறப்ப எல்லாப் பட்டனும் விழுந்திருக்கு.

— ஏழாவதா? அஞ்சாவது மாடிலேர்ந்து ஏழாவது மாடிக்கு வந்து அழுத்தறாளா! என்ன ஒரு மூளை பாத்தியா?

— ஏழாவது மாடியில எத்தன வீடு சார்?

— ரெண்டு. எதிர்வீடு பூட்டி மூணு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு நாங்க... ஏம்மா, அந்த டீய ஏன் இந்தக் கலக்கு கலக்கற?

— நான்தாங்க.

— எது நீ?

— பட்டன். நீங்க காலைல கீழ ரவுண்ட்ஸ் முடிச்சு கேட் பக்கம் திரும்பறது நம்ம பால்கனிலேர்ந்து தெரியும். வழுக்கை பளிச்சுனு இருக்கும். உடனே லிஃப்ட மேல வரவச்சு, எல்லாத்தையும் ஒரு தட்டு தட்டிட்டு வெளிய வந்துடுவேன். அது நின்னு நின்னு கீழ வந்து சேர ஏழு நிமிஷம். முட்டிவலியோட உங்களால படியேற முடியாது. ஞாயித்துக்கிழமை நீங்க ரவுண்ட்ஸ் போறதில்ல, நானும் அழுத்தறதில்ல.

— ஏழு நிமிஷத்துல என்ன பண்ணுவ?

— ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்.

— அவ்வளவுதானா?

— நீங்க ரிட்டையர் ஆனதுலேர்ந்து எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்க. கண்ணத் தொறந்தா தண்ணித் தொட்டி, பார்க்கிங், மூணாவது மாடிக்காரர் நாய். பல்லு தேய்க்கறப்பகூட நுரையோட பேசறீங்க.

— வாய் விட்டுக் கேட்டிருக்கலாம்ல?

— கேட்டேனே. வீட்ல கொஞ்சம் அமைதி வேணும்னேன். அமைதியப் பத்தி ஒன்றரை மணி நேரம் பேசினீங்க.

— மெக்கானிக், சிரிக்காத.

— சிரிக்கல சார், டீ புரையேறிடுச்சு.

— தப்புதாங்க, மீட்டிங்ல நானே எழுந்து சொல்லிடறேன். அந்தப் பொண்ணு பேர எடுத்துட்டு என் பேரப் போட்டுக்குங்க. ஆனா குற்ற உணர்ச்சி மட்டும் கேக்காதீங்க. தேடிப் பாத்துட்டேன், இல்ல.

— அம்மா, ஒரு நிமிஷம். எங்கயோ இடிக்குது. எட்டு இருபது உங்களோடது, சரி. எட்டு இருபத்தெட்டுக்கு மறுபடியும் எல்லாப் பட்டனும் விழுந்திருக்கு. இந்தத் தடவ தரைத்தளத்துலேர்ந்து. ஞாயித்துக்கிழமை தவிர தினமும்.

— அது நான் இல்ல தம்பி. அந்நேரம் கீழ லிஃப்ட்ல ஏறறது இவர்தானே?

— பழைய பெட்டி, கண்டதையும் குறிக்கும். மூடு மூடு.

— பெட்டி மாட்டி ரெண்டு மாசம்தான் சார் ஆகுது. நீங்கதானே ரிப்பன் வெட்டினீங்க?

— என்னங்க. இங்க, என் மூஞ்சியப் பாருங்க.

— சரி, நான்தான். இப்ப என்னங்கற? ஆபீஸ்ல நாப்பது பேரு எனக்கு வணக்கம் வச்சாங்க. இங்க யாரு இருக்கா? மாடிக்கு மாடி கதவு தொறந்தா யாராவது நிப்பாங்க. ஏறினா நாலு வார்த்தை பேசித்தானே ஆகணும்?

— அப்ப அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணா? தெரிஞ்சே எதுக்குக் காலி பண்ணச் சொல்றீங்க?

— மத்தவங்கல்லாம் செல்போனப் பாத்துட்டு நிப்பாங்க. அவ ஒருத்திதான் சிரிச்சு, "குட்மார்னிங் அங்கிள்"ம்பா. லிஃப்ட் லேட்டாகுதுன்னு ரெண்டு வாரமா படியில எறங்கிப் போறாடி... எனக்கு எப்படி இருக்கும்?